டெல்லிக்குப் போக ஆசைப்படும் கடலூர் வழக்கறிஞர்களுக்கு ஒரு குமாஸ்தாவின் திறந்த மடல்

மஞ்சக்குப்பம் நீதிமன்ற வளாகத்தில் தொழில் நடத்தும் வழக்கறிஞர் பெருமக்களுக்கு, அவர்களிலும் நாற்பது வயதைத் தாண்டாதவர்களுக்கு, ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவனின் வணக்கம்.

உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. நகல் மனு எழுதிக் கொடுத்தவன், வக்காலத்தில் வில்லை ஒட்டியவன், பெஞ்சு கிளார்க்கிடம் நயமாகப் பேசி உங்கள் வழக்கைக் கொஞ்சம் பிந்திக் கூப்பிட வைத்தவன் என்று நாற்பத்தோரு ஆண்டு அந்த வளாகத்தில் செருப்புத் தேய நடந்தவன் நான். பேரன் வயதில் இருப்பவர்களையும் "சார்" என்றே அழைத்துப் பழகிய வாய் இது. இந்த மடலில் மட்டும் அந்தப் பழக்கத்தைச் சற்றே தள்ளி வைத்திருக்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

சென்ற மாதம் பழைய தீர்ப்பு நகல் ஒன்றுக்காக வளாகத்துக்கு வந்திருந்தேன். டீக்கடை பெஞ்சில் உங்களில் மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தீர்கள். 2029 மக்களவைத் தேர்தலில் எந்தக் கட்சியில் சீட்டு கிடைக்கும், எவ்வளவு இறக்க வேண்டியிருக்கும், எந்த மாவட்டச் செயலாளரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்பதுதான் பேச்சு. காதில் விழுந்ததைக் கேட்டேன், காதைப் பொத்திக்கொள்ளவில்லை. ஒட்டுக்கேட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் ஓடிய அந்தப் பேச்சில், ஜெயித்துப் போன பிறகு அங்கே என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. டீக்காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். மனம்தான் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

ஆசையைக் குறை சொல்ல நான் யார்? வக்கீல்கள் ஆசைப்பட்டிருக்காவிட்டால் இந்த நாட்டில் சட்டசபைகளே வேறு மாதிரி இருந்திருக்கும். 1952இல் கூடிய முதல் மக்களவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் வக்கீல்கள். எல்லாரும் பாரிஸ்டர் பட்டம் வாங்கிக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் அல்லர். மொபசல் என்கிற வெளியூர்க் கோர்ட்டில் வாய்தாவுக்கும் வாய்தாவுக்கும் இடையே வளர்ந்தவர்கள் அதில் நிறைய. சேலம் என்ற ஒரே ஊர், விஜயராகவாச்சாரியாரையும் ராஜாஜியையும் கொடுத்தது. நம் ஊர் மட்டும் என்ன, கடலூரில் வக்கீலாக இருந்த சுப்பராயலு ரெட்டியார்தான் 1920 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சராகப் பதவியேற்றார். பாவம், உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஏழு மாதத்தில் விலகினார், அந்த ஆண்டே மறைந்தும் போனார். 2004இல் நம் தொகுதியில் வென்ற வேங்கடபதியும் வக்கீல்தான், மத்திய சட்டத் துறையின் இணையமைச்சராக இருந்தார். ஆகவே உங்கள் ஆசைக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறொருவரைப் பற்றி. அவர் கடலூர்க்காரர் அல்லர். சித்தூர் வக்கீல், மாடபூசி அனந்தசயனம் அய்யங்கார்.

சித்தூர் ஆந்திரம் ஆயிற்றே என்று கேட்காதீர்கள். 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்துக்குத் தலைநகரம் அதுதான். தென் ஆற்காட்டுக்குக் கடலூர், வட ஆற்காட்டுக்குச் சித்தூர். ஒரே வீட்டுப் பங்காளிகள் மாதிரி இரண்டு ஊர், இரண்டு கோர்ட்டு. என் சீனியருக்குச் சீனியராக இருந்தவர் இளவயதில் சித்தூர் கோர்ட்டில் அய்யங்கார் வாதாடிப் பார்த்தவராம். அந்த வழியாகத்தான் அவருடைய பெயர் எங்கள் அலுவலகத்துக்குள் வந்தது. சீனியர் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார். "சித்தூர்க்காரர்" என்பார், அவ்வளவுதான்.

1891இல் திருப்பதியை அடுத்த திருச்சானூரில் பிறந்தவர். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பட்டம், பிறகு சட்டப்படிப்பு, நடுவில் கொஞ்ச காலம் கணக்கு வாத்தியார் வேலை. 1915இல் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது ஓராண்டு கோர்ட்டுக்குப் போகாமல் இருந்ததைக் கழித்துவிட்டால், 1934 வரை பத்தொன்பது ஆண்டு வழக்குக் கட்டும் கையுமாகத்தான் இருந்தார். அந்த ஆண்டுதான் டெல்லியில் இருந்த மத்திய சட்டசபைக்குத் தேர்வானார். அப்போது அவருக்கு வயது 43. இன்றைய கணக்கில் பார்த்தால் "இளைஞர் அணி"யை விட்டு விலக வேண்டிய வயதில் அவர் உள்ளே நுழைந்திருக்கிறார்.

அந்தச் சபையில் அவருடைய கட்சி வரிசையில் யார் யார் என்று பாருங்கள். தலைவர் பூலாபாய் தேசாய், பக்கத்தில் கோவிந்த வல்லப பந்த், நம் சத்தியமூர்த்தி. எதிரிலோ தனி வரிசையில் ஜின்னா. மொபசல் வக்கீல் ஒருவருக்கு அங்கே நாக்கு எழுமா என்று யாரும் நினைப்பார்கள். அரசாங்கத்தை அவர் போட்டுத் தாக்கிய தாக்கில், அக்காலப் பத்திரிகை ஒன்று அவரைச் "சட்டசபையின் எம்டன்" என்று எழுதியது. 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர் அது. நம் வீடுகளில் சாமர்த்தியசாலிப் பையனை "சரியான எம்டன்டா" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதே எம்டன். கப்பலை மறந்துவிட்டோம், சொல்லை விடவில்லை.

1940இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை, 1942இல் மறுபடி சிறை, 1944 இறுதியில் விடுதலை. பிறகு அரசியல் நிர்ணய சபை. 1948இல் துணைச் சபாநாயகர். 1952இல் திருப்பதியிலிருந்து மக்களவைக்கு, 1957இலும் 1962இலும் சித்தூரிலிருந்து. முதல் சபாநாயகர் மாவலங்கர் 1956 பிப்ரவரியில் காலமானதும் மார்ச்சில் சபாநாயகர் நாற்காலி. 1962 வரை அங்கே இருந்துவிட்டுப் பீகார் கவர்னராகப் போனார். 1978இல் மறைந்தார். கூட்டிப் பார்த்தால் 28 ஆண்டு டெல்லி வாசம்.

இந்த வரிசையில் உங்கள் கண்ணில் படாமல் போகக்கூடிய ஓர் இடம் உண்டு. எனக்கு அதுதான் முக்கியம். அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் அலுவலகக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அவசரப்படாதீர்கள், வயதானவன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. நெல்லிக்குப்பம் பக்கத்தில் 38 சென்ட் புஞ்சை. வடக்கு எல்லை எது என்பதில் பங்காளிச் சண்டை. பிரதிவாதி 1961ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தைக் காட்டி, வடக்கே வாய்க்கால் வரைக்கும் தன்னுடையது என்று சாதித்தார். பத்திரத்தில் அப்படித்தான் இருந்தது. எங்களிடம் வழக்குக் கொடுத்த கட்சிக்காரருக்கே நம்பிக்கை விட்டுப்போய்ச் சமாதானம் பேசலாமா என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

அன்று சாயங்காலம் சீனியர் வழக்குக் கட்டைக் கேட்டார். கொடுத்தேன். நாடாவை அவிழ்த்தார், கட்டை அப்படியே மேசைமேல் கவிழ்த்தார். அடியில் கிடந்தது மேலே வந்தது. 1938ஆம் ஆண்டுப் பாகப் பத்திரத்தின் நகல். முத்திரைத்தாளில் ராஜா தலை. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பிளாஸ்திரி மாதிரி வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. அதில் வடக்கு எல்லை "வண்டிப்பாதை" என்று இருந்தது. அடுத்தது 1949 பத்திரம், அதிலும் வண்டிப்பாதை. 1961இல் மட்டும் திடீரென்று வாய்க்கால். "அடங்கல் நகல் வாங்கி வா" என்றார். அடங்கல் என்றால் ஊர்க் கணக்கில் இருக்கும் பயிர்ப் பதிவேடு. தாலுகா அலுவலகத்துக்கு நாலு நடை நடந்து வாங்கி வந்தேன். எட்டு ஆண்டு அடங்கலிலும் மானாவாரி என்றே எழுதியிருந்தது.

மறுவாரம் கூண்டில் நின்ற பிரதிவாதி தரப்புச் சாட்சியிடம் மூன்றே கேள்வி. அந்த நிலத்தில் என்ன பயிர் வைப்பார்கள்? கம்பு, வரகு. தண்ணீர் எங்கிருந்து? மழைதான் ஐயா, வேறென்ன. அப்படியானால் வாய்க்கால் எங்கே? அந்த ஆள் முன்சீப்பைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு தன் வக்கீலைப் பார்த்தார். சீனியர் உட்கார்ந்துவிட்டார்.

கட்டைக் கவிழ்த்துப் படிப்பது என்று எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பெயர். மேலே கிடப்பது நேற்று வந்த காகிதம், யாரோ ஒருவர் தம் வசதிக்கு எழுதியது. அடியில் கிடப்பதைத் தொட யாருக்கும் பொறுமை இருப்பதில்லை, பூச்சி அரித்திருக்கும், தும்மல் வரும்.

இப்போது சித்தூர்க்காரருக்குத் திரும்புகிறேன். 1950 ஏப்ரலில், நிதியமைச்சராக இருந்த ஜான் மத்தாயின் யோசனைப்படி, நாடாளுமன்றத்தில் மதிப்பீட்டுக் குழு என்று ஒன்று அமைத்தார்கள். அரசாங்கம் கேட்கும் பணத்தை எப்படிச் செலவழிக்கிறது, அதே வேலையை இன்னும் குறைந்த செலவில் முடிக்க முடியாதா, நிர்வாகத்தை வேறு விதமாக அமைக்கலாமா என்று துறை துறையாகப் பிரித்துப் பார்க்கிற குழு. அமைச்சர்கள் அதில் உறுப்பினராக இருக்க முடியாது. செயலாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்கலாம், கோப்பை வரவழைக்கலாம். முதலில் 25 உறுப்பினர், 1956 முதல் 30. அந்தக் குழுவுக்கு முதல் தலைவர் அய்யங்கார்தான்.

இது மேடை ஏறுகிற வேலை அல்ல. மாலை விழாது, மைக் கிடையாது. அரசாங்கத்தின் கட்டைக் கவிழ்த்துப் போட்டு அடியிலிருந்து படிக்கிற வேலை. பத்தொன்பது ஆண்டு சித்தூர் முன்சீப் கோர்ட்டிலும் ஜில்லா கோர்ட்டிலும் அடங்கலும் கிரயப் பத்திரமும் புரட்டிய கைக்கு அது புது வேலையா என்ன? இங்கே மானாவாரி நிலத்தில் வாய்க்கால் தேடினார், அங்கே இல்லாத வேலைக்கு ஒதுக்கிய பணத்தைத் தேடியிருப்பார். இது என் ஊகம், ஆனால் குமாஸ்தாவின் ஊகம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அவர் சபாநாயகராக இருந்தபோதுதான் 1957 டிசம்பரில் முந்த்ரா விவகாரம் வெடித்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு மேல் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் கம்பெனிப் பங்குகளில் போய் விழுந்திருந்தது. கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளுங்கட்சி வரிசையிலிருந்து, பிரதமரின் மருமகனே எழுந்தார், பெரோஸ் காந்தி. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சக்ளா மக்கள் முன்னிலையில் வைத்து விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம் மாநிலத்துக்காரர் விழுந்தார் என்று அன்றைக்குச் சிலருக்கு வருத்தம் இருந்திருக்கலாம். எனக்கு, ஆளுங்கட்சிக்காரரே ஆளுங்கட்சியின் கட்டை அவிழ்க்க அந்தச் சபையில் இடம் இருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

அய்யங்காரைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. வைதீகர், சமஸ்கிருதப் பற்று மிகுந்தவர், பழுத்த காங்கிரஸ்காரர். அவருடைய கருத்துகள் பலவற்றோடு எனக்கு ஒத்துப்போகாது, உங்களில் பாதிப்பேருக்கும் ஒத்துப்போகாது. (ஆட்சிமொழி விஷயத்தில் முன்ஷி - அய்யங்கார் சமரசம் என்று படித்திருப்பீர்கள். அந்த அய்யங்கார் கோபாலசாமி அய்யங்கார், இவர் அல்லர். எதற்கும் சொல்லி வைக்கிறேன், டீக்கடையில் சண்டை வரும்.) அவருடைய கொள்கையை நான் கேட்கவில்லை, உழைப்பைத்தான் கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வேலைக்கு வக்கீல்தான் தேவை என்பதும் இல்லை. 1952இல் கடலூர் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தபோது நம்மால் தேர்வானவர்களில் ஒருவர் காட்டுமன்னார்கோயில் பக்கத்து இளையபெருமாள். கறுப்பு அங்கி போட்டவர் அல்லர். 1965இல் தீண்டாமையை ஆராய மத்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராகி, நாடு முழுக்கச் சுற்றி, 1969இல் அறிக்கை கொடுத்தார். இளையபெருமாள் குழு என்றே இன்றும் பெயர். அவரும் கட்டைக் கவிழ்த்தவர்தான். இந்த நாட்டின் கட்டிலேயே அடியில் கிடந்த காகிதத்தை எடுத்தவர்.

இனி நம் தொகுதிக்கு வருகிறேன். இதைப் படிக்கும்போது கோபம் வரும், பரவாயில்லை.

1998, 1999, 2004, 2009, 2014, 2019, 2024. ஏழு மக்களவைத் தேர்தல். கடலூர் தேர்ந்தெடுத்தது ஏழு வெவ்வேறு ஆட்களை. ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை. பழைய காலத்தையும் சேர்த்து எண்ணினாலும், மூன்று முறை வென்றவர் பி.ஆர்.எஸ். வெங்கடேசன் ஒருவர்தான், 1984, 1989, 1996. பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டினால் புதுச்சேரி. அவர்கள் சண்முகத்தை 1980, 1984, 1989 என்று மூன்று முறையும், பாரூக்கை 1991, 1996, 1999 என்று மூன்று முறையும் அனுப்பினார்கள். இப்போது இருப்பவரையும் இரண்டாம் முறையாக அனுப்பியிருக்கிறார்கள்.

நீங்களே சொல்லுங்கள். ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தவர் முதல் இரண்டு ஆண்டு என்ன செய்கிறார்? வாய்தா வாங்குகிறார். மூன்றாம் ஆண்டு மனுத் தயாரிக்கிறார். சாட்சியைத் தொட நான்கு ஐந்து ஆண்டு ஆகிறது. பத்தாண்டு ஆன பிறகுதான் அவர் எழுந்து நின்றால் நீதிபதி தலையை நிமிர்த்துகிறார். நாடாளுமன்றத்துக்கு மட்டும் இந்தக் கணக்குப் பொருந்தாதா? நாமோ ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு புது ஜூனியரை அனுப்புகிறோம். எந்தக் குழுவின் அறை எந்த மாடியில் என்று அவர் கண்டுபிடிப்பதற்குள் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்கிறோம். கட்சி மாற்றுகிறது, கூட்டணி மாற்றுகிறது, ஜாதிக்கணக்கு மாற்றுகிறது. தொகுதி இந்தக் கட்சிக்கா அந்தக் கட்சிக்கா என்று சென்னையில் ஏதோ ஒரு ஓட்டல் அறையில் முடிவாகிறது. போனவர்களைக் குறை சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அந்த ஐந்து ஆண்டில் கற்றுக்கொள்ளத்தான் முடியும்.

ஆகவே அவர்களும் எளிய வழியைப் பிடிக்கிறார்கள். ஆண்டுக்கு 5 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி வருகிறது. உயர்கோபுர மின்விளக்கு, பஸ் நிழற்குடை. நிழற்குடையில் பஸ் நிறுத்தத்தின் பெயரைவிட எம்.பி.யின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. நாமும் அதை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறோம். விளக்கு எரிகிறதா, எம்.பி. நல்லவர். மத்திய அரசின் 45 லட்சம் கோடியைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

அந்த 45 லட்சம் கோடி ஒரு கதை. 2023 மார்ச்சில், அந்த ஆண்டு பட்ஜெட்டின் மானியக் கோரிக்கைகள் அனைத்தையும், அதாவது ஒவ்வொரு துறையும் செலவுக்குக் கேட்கும் பணத்தை, மக்களவை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. இரண்டு தரப்பும் வேறு விஷயங்களுக்காகக் கத்திக்கொண்டிருந்தன. விவாதிக்காமல் மொத்தமாக வெட்டி முடிக்கிற முறைக்கு அவையில் "கில்லட்டின்" என்று பெயர். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு அந்தக் கருவி எதை வெட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. 38 சென்ட் புஞ்சைக்கு எங்கள் சீனியர் இரண்டு சாயங்காலம் செலவழித்தார்.

முதல் மக்களவை ஐந்து ஆண்டில் 677 நாள் கூடியது. 2019இல் வந்த 17ஆவது மக்களவை 274 நாள். ஐந்து ஆண்டும் துணைச் சபாநாயகர் நாற்காலி காலி. சித்தூர்க்காரர் எட்டு ஆண்டு உட்கார்ந்து வேலை பழகிய அதே நாற்காலி. நம் முன்சீப் கோர்ட்டில் நீதிபதி பணியிடம் ஆறு மாதம் காலியாக இருந்தால் நீங்கள் கோர்ட்டைப் புறக்கணித்து வாசலில் நிற்பீர்கள். அதற்கு நான் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

புறக்கணிப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 ஜூலையில் மூன்று புதிய குற்றவியல் சட்டங்களை எதிர்த்துத் தமிழ்நாடு முழுக்க வழக்கறிஞர்கள் கோர்ட்டைப் புறக்கணித்தீர்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்ணெல்லாம் மனப்பாடமாக இருந்த எனக்கே, 302 கொலை இல்லை, 420 மோசடி இல்லை என்றதும் தலை சுற்றியது. ஆனால் அந்த மசோதாக்கள் மக்களவையில் நிறைவேறியது 2023 டிசம்பர் 20ஆம் தேதி. அன்று எதிர்க்கட்சி வரிசையில் பெரும்பகுதி காலி. தொண்ணூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்களை இடைநீக்கம் செய்திருந்தார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் அவற்றின் முதல் வடிவம், மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவில் கிடந்தது. அப்போது நம் வளாகத்தில் எத்தனை பேர் அந்த மசோதாவை வாசித்தோம்? வாசித்து, எந்தப் பிரிவில் என்ன கோளாறு என்று ஒரு பக்கம் எழுதி, நம் தொகுதி உறுப்பினருக்கோ குழுவுக்கோ யார் அனுப்பினோம்? புறக்கணித்த அன்று கோஷம் போட்டவர்களில் ஒருவர் என்னிடம், "பெரியவரே, இது எப்போது பாஸ் ஆச்சு?" என்று கேட்டார். யார் என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே டீக்கடை மூவருக்கும், அவர்களைப் போன்ற மற்றவர்களுக்கும் என் விண்ணப்பம் இது. சீட்டுக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கட்டைப் படிக்கிற கையோடு போங்கள். ஜெயித்தாலும் அங்கியைக் கழற்ற வேண்டியதில்லை. எம்.பி.க்கள் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கூட்டம் இல்லாத மாதங்களில் ஒரு நாளாவது இங்கே வந்து நில்லுங்கள். நகல் கட்டணம் உயர்ந்ததா, அமீனா எவ்வளவு கேட்கிறார், வழக்கு ஏன் பதினைந்து ஆண்டு இழுக்கிறது என்பதெல்லாம் இந்த வராந்தாவில்தான் தெரியும்.

அதற்கு 2029 வரை காத்திருக்கவும் வேண்டாம். 1993 முதல் நாடாளுமன்றத்தில் துறைவாரியான நிலைக்குழுக்கள் இருக்கின்றன. இப்போது 24 குழு, ஒவ்வொன்றிலும் 31 பேர், அதில் 21 பேர் மக்களவைக்காரர்கள். ஆண்டுதோறும் ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையையும் பிரித்துப் பார்த்து அறிக்கை தருகிறார்கள். போன ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, ஏன் மிச்சம் என்று அதில் இருக்கும். எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கிறது, காசு கிடையாது. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பேத்தி தேவைப்பட்டாள். உங்களுக்குத் தேவைப்படாது.

முதலில் மீன்வளத் துறையை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. தேவனாம்பட்டினமும் முதுநகர்த் துறைமுகமும் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. சுனாமியைப் பார்த்த ஊர், தானே புயலைப் பார்த்த ஊர். கட்சிக்காரர் யார் என்று தேட வேண்டியதில்லை, வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். டெல்லியில் படகுக்கும் ஐஸ் பெட்டிக்கும் ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு இந்தக் கரைக்கு வந்தது என்று அறிக்கையையும் கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வண்டிப்பாதை எங்கே வாய்க்கால் ஆயிற்று என்று தானாகத் தெரியும்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வளாகம் காலியாகிவிடும். சங்கக் கட்டடத்தில் ஒரு மேசையும் நான்கைந்து நாற்காலியும் போட்டால் போதும். பேத்தி அச்செடுத்துக் கொடுத்த முதல் அறிக்கை என்னிடம் இருக்கிறது. துளை போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், சீனியர் மேசையிலிருந்து எடுத்து வந்த பழைய நாடா. படித்துச் சொல்ல எனக்குத் தெரியாது, இங்கிலீஷ் அவ்வளவு வராது. அவிழ்க்கவும் கட்டவும் தெரியும். வருகிற சனிக்கிழமையிலிருந்து வருகிறேன். யாரும் வராவிட்டால் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுவேன், அடுத்த வாரம் மறுபடி வருவேன். வாய்தா வாங்கிப் பழகிய உடம்பு.

இப்படிக்கு,
வக்கீல் குமாஸ்தா (ஓய்வு),
புதுப்பாளையம், கடலூர்.